பூவாயி வாய்ப்பூட்டு போட்ட நாள்

என் மாமியார் பூவாயிக்குப் பக்கவாதம் வந்துகொண்டிருந்த நேரத்தில் நான் அவர் காலில் விழுந்து கும்பிட்டேன். இதை எப்படிச் சொன்னாலும் கேட்பவர்கள் ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். எனக்கே இன்னும் அந்தத் திகைப்பு அடங்கவில்லை. நான் ஒன்றும் தெரியாதவளாக இருந்தாலாவது ஒரு சமாதானம் உண்டு. திருப்போரூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக ஈசிஜி எடுக்கிறவள் நான். பக்கவாதத்தின் அடையாளங்கள் என்னென்ன என்று படம் போட்ட தாளை என் கையாலேயே சுவரில் ஒட்டியிருக்கிறேன். வாய் கோணுகிறதா, கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா. தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

அத்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்போரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நாலு ஏக்கர் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாமா ஜானகிராமன் இருக்கும்போதே நிலம் பிளாட்டாகி, பிளாட் வீடாகிவிட்டது. மாமா போனபிறகு அத்தை வீட்டில் உட்காரவில்லை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி போட்டார். பதினாறு வருடம். இட்லி சுமார்தான், அதை மருமகள் நான் சொன்னால் வம்பு, ஆனால் சுமார்தான். கூட்டம் நின்றது இட்லிக்காக இல்லை, அத்தையின் வாய்க்காக.

"இன்னா நைனா, ரெண்டே இட்லியா? உன் மானேஜரு இப்பதான் ஆறு துன்னுட்டுப் போறாரு. நீ எப்பிடி மேல வருவ?" என்பார். கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கிற பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வாங்கும். ஒருவன் காதல் தோல்வி என்று அழுதால், "அளுவாத, வடை ஆறிப்போவுது" என்பார். வீட்டிலும் அதே கதைதான். காலை நாலரைக்கு மாவு எடுக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு, படுத்துத் தூங்குகிற வரைக்கும் நிற்காது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் அது தெரியும். "பஞ்ச எடுத்துட்டு இத்தக் கேளுடி" என்று தொடர்வார்.

அப்படிப்பட்ட வாய்க்கு வருடத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. இருபது வருடத்துக்கு முன்னால் என் கணவர் ராஜாராம் ஓ.எம்.ஆர். சாலையில் லாரி மோதி, பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தார். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அத்தை திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்து நடந்தால் இருபத்தொரு வருடம் ஆடிக் கிருத்திகைக்கு வாய்ப்பூட்டு போட்டு நடந்து வருவதாக. வாய்ப்பூட்டு என்றால் விரல் நீளத்தில் ஒரு வெள்ளி வேல். நாக்கை நீட்டச் சொல்லி அதன் வழியாகக் குத்தி நிறுத்திவிடுவார்கள். கோவிலில் போய் எடுக்கிற வரைக்கும் பேச்சு கிடையாது. விரதம் சுத்தமாக இருந்தால் குத்துகிற இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இருபது வருடமாக அத்தைக்கு வந்ததில்லை. ஊரில் அதற்கென்று அவருக்குத் தனி மரியாதை உண்டு. இருபத்தொன்றாவது வருடம்தான் இந்த வருடம்.

தை மாதத்தில் ஒரு மதியம் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். ஒரே ஒரு மாடிதான். ஏறி வந்தவர் பேசவில்லை, மூச்சு வாங்கினார். அத்தை பேசாமல் இருப்பதே எனக்குப் பயமாக இருந்தது. கட்டிலில் படுக்கச் சொல்லி வயரை ஒட்டினேன்.

"இன்னாடி, மிஷினு இன்னா சொல்லுது? நான் கீறேனா இல்லியா?"

"கொஞ்சம் சும்மா இரு அத்த."

தாள் வெளியே வந்துகொண்டே இருந்தது.  இதயத்தின் மேலறைகள் சுருங்கும்போது தாளில் ஒரு சின்ன மேடு விழும். அதற்கப்புறம்தான் கீழறைகளின் பெரிய கூர்முனை. அத்தையின் தாளில் சின்ன மேடே இல்லை. அந்த இடத்தில் பொடிப்பொடியாக ஒரு நடுக்கம். கூர்முனைகள் ஒன்று கிட்டே, ஒன்று தள்ளி, ஒழுங்கே இல்லாமல் விழுந்திருந்தன. மேலறைகள் துடிக்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தன. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கியவளுக்கு இது தெரியவில்லை.

செங்கல்பட்டில் இதய மருத்துவரிடம் அழைத்துப்போனோம். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். "வயசாக ஆக மேலறையோட சுவர் விறைச்சுப்போகும்மா. உள்ளே மெல்லிசாத் தழும்பு விழும். உங்களுக்கு ரத்தக் கொதிப்பும் ரொம்ப நாளா இருந்திருக்கு, நீங்க பார்க்கவே இல்லை. இடது மேலறை அகலமாயிடுச்சு. துடிப்பு ஒழுங்கா இல்லாததால ரத்தம் முழுசா இறங்காம அங்கேயே தேங்கும். மேலறையில ஒரு சின்னப் பை மாதிரி இருக்கு. அந்த மூலையில தேங்கினா உறைஞ்சு கட்டியாகும்."

"கலக்காத மாவு குண்டான் ஓரத்துல காஞ்சிப் புடிச்சிக்கிற மாதிரியா டாக்டரம்மா?" என்றார் அத்தை.

"அதேதான். அந்தக் கட்டி பிய்ச்சுக்கிட்டு மூளைக்குப் போனா பக்கவாதம். கட்டி ஆகாம இருக்கத்தான் இந்த மாத்திரை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒருவேளைகூட விடக்கூடாது."

வெளியே வந்ததும் அத்தை என் கணவரிடம், "மேல் மாடில வாடகைக்கு இருக்கறவன் ஆட்டம் போட்டுகினு கீறானாம், அதுக்கு மாத்திரையாம்" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு நாளுக்கும் அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே மாத்திரையை நிரப்பினேன். ஒழுங்காகச் சாப்பிட்டார். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் கசிந்தது. வண்டி விளிம்பில் இடித்துக்கொண்ட இடமெல்லாம் நீலம் பாரித்தது. மருத்துவரிடம் கேட்டோம், அளவு சரிதான், தொடரட்டும் என்றார்.

ஆடி பிறந்தது. நான் செய்த தப்பு இங்கேதான்.

"இந்த வருசம் பூட்டு வேணாம் அத்த. பால்குடம் மட்டும் எடு" என்றேன்.

"கடைசி வருசம்டி. இருபத்தியோரு வருசம்னு சொல்லிட்டு இருபதோட நிறுத்தினா, உம் புருசன் காலுக்கு யாரு பதில் சொல்றது?"

வாதாட முடியாமல், பயமுறுத்தினால் அடங்குவார் என்று நினைத்து, "இந்த மாத்திரை சாப்பிடறப்ப ஊசி குத்தினாலே ரத்தம் நிக்காது. நாக்குல குத்தினா கொடகொடன்னு கொட்டும். ஊர் முன்னாடி அசிங்கமாப் போயிடும் பாத்துக்கோ" என்றேன்.

 சரி, பால்குடமே எடுக்கிறேன் என்று மறுநாள் அவராகவே சொன்னார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அவரோ என் வாயிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டார். மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் வரும், அப்படியென்றால் மாத்திரையை விட்டால் வராது. காப்புக் கட்டிய அன்றிலிருந்து ஒன்பது நாள், காலை ஒன்று இரவு ஒன்று, பதினெட்டு மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்து அரிசி களைந்த தண்ணீரோடு வாசல் முருங்கைக்கு ஊற்றியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை டப்பா காலியாக இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கிருத்திகை அன்று எனக்குக் காலையில் வீட்டு வேலை. ஊர்வலம் புறப்படும் குளத்தங்கரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. மஞ்சள் புடவையில், நெற்றி நிறையத் திருநீறோடு அத்தை நின்றிருந்தார். நாக்கில் வெள்ளி வேல். ஐந்தரைக்கே குத்திக்கொண்டுவிட்டாராம்.  கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் வாயைப் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அத்தை என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். பார்த்தாயா என்று புருவத்தைத் தூக்கினார்.

பக்கத்தில் ஜெகதாம்பாள் அக்கா. திருவிடந்தையிலிருந்து கருவாடு கொண்டுவந்து அத்தையின் வண்டிக்குப் பக்கத்தில் விற்கிறவர், அத்தைக்கு உயிர்த்தோழி. "பாத்தியா ரேணு! உன் மாத்திரையாவது கீத்திரையாவது. முருகன் முன்னாடி எதுவும் நிக்காது" என்றார்.

அந்த நிமிடத்தில் நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? ரத்தம் வரவில்லையென்றால் உடம்பில் மாத்திரை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். பல் துலக்கினாலே ஈறு கசிகிறவருக்கு நாக்கில் வேல் குத்தி ஒன்றும் ஆகவில்லை என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நான் பெருமைப்பட்டேன். கண்ணில் தண்ணீர் வர, இது என் மாமியார் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன். பதினோரு வருடப் படிப்பும் பழக்கமும் எந்தப் பக்கம் போயிற்றோ.

பம்பை மேளம் அடிக்க, ஊர்வலம் புறப்பட்டது. தெருத்தெருவாக நின்று, தண்ணீர் ஊற்றச் சொல்லி, மெதுவாகத்தான் நகரும். நடுவில் எப்போதோ அத்தை ஆட ஆரம்பித்தார். இருபது வருடத்தில் அவருக்குச் சாமி வந்ததே இல்லை. "எல்லாருக்கும் வருது, எனுக்கு மட்டும் வர மாட்டேங்குது. நான் பேசறதுல அதுக்கே பயம்போல" என்று கேலி செய்துகொள்வார், ஆனால் உள்ளே ஏக்கம் உண்டு. அன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். வலது கையிலிருந்த எலுமிச்சம்பழம் கீழே விழுந்து உருண்டது. வாயோரம் எச்சில் வழிந்தது. நாக்கில் வேல் இருந்தால் யாருக்கும் வழியும். முகம் ஒருபக்கம் இழுத்தது. நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் முகத்தில் எது கோணல், எது நேர் என்று யார் பார்ப்பார்கள்?

"பூவாயிக்கு சாமி வந்துட்ச்சி!" என்று ஜெகதாம்பாள் அக்கா கத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். பம்பை வேகம் பிடித்தது. நான் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, அந்த ஈரத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு தார்ச்சாலையில் விழுந்து காலைத் தொட்டேன். எழுந்து மண்டியிட்டபோது அவருடைய இடது கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. அப்படியே உருகிப்போனேன். ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவரைக் கோவில்வரை நடத்திக் கூட்டிப்போனோம். நடத்தித்தான் கூட்டிப்போனோம், அந்த வெயிலில்.

பதினொன்றே காலுக்குக் கோவிலில் பூசாரி வேலை உருவினார். நாக்கு உள்ளே போனது. வாய் மூடவில்லை. உதட்டின் வலது ஓரம் தொங்கியபடியே இருந்தது.

"அத்த, ரெண்டு கையையும் தூக்கு" என்றேன்.  இடது கை மட்டும் எழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் பம்பைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். என் கணவர் கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு வந்தார். செங்கல்பட்டில் ஒரு பெரிய மருத்துவமனைக்குள் நாங்கள் நுழைந்தபோது பன்னிரண்டு பத்து. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்றார் பணியிலிருந்த மருத்துவர். ரத்தம் உறையாமல் வைக்கிற மாத்திரை கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார். காலையில் என்று நான் சொல்ல, கூட வந்திருந்த ஜெகதாம்பாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முருங்கைமரக் கதை அப்போதுதான் வெளியே வந்தது. அவருக்கு முன்பே தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று அத்தை சத்தியம் வாங்கியிருந்தாராம்.

மருத்துவர் அதற்குத் திட்டவில்லை. "மாத்திரை ஒன்பது நாளா இல்லைன்னா, கட்டியைக் கரைக்கிற ஊசி போட வழி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியும். கடைசியா எப்ப நல்லாப் பேசினாங்க?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"சொல்லுங்க. கடைசியா எப்பப் பேசினாங்க?"

"அஞ்சரைக்கு" என்றார் ஜெகதாம்பாள் அக்கா. "பூட்டு போட்டப்புறம் பேசக் கூடாதுங்க."

"ஏழு மணிக்கு என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நல்லாத்தான் இருந்தாங்க" என்றேன் நான்.

"அதுக்கப்புறம்? ரெண்டு கையையும் தூக்கினதை யாராவது பார்த்தீங்களா? எப்ப சாய ஆரம்பிச்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஊர்வலத்தில் யார் மணி பார்க்கிறார்கள்? எட்டாக இருக்கலாம், பத்தாக இருக்கலாம். ஜெகதாம்பாள் அக்கா முதலிலிருந்தே அப்படித்தான் என்றார். ஏழு என்று வைத்தால் பதினொன்றரையோடு நேரம் முடிந்துவிட்டது. மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த ஊசி போடப்படவில்லை. பன்னிரண்டே முக்கால் மணிக்கு, சரியான காரணத்தோடு, போடப்படவில்லை.

மறுநாள் விடிகாலை வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் போனைத் திறந்தேன். என் நாத்தனார் சுஜாதா, அத்தையின் மகள், ஊர்வலத்தில் எடுத்த வீடியோவை ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். அம்மா மேல முருகன் வந்த நேரம் என்று எழுதி. முதலில் அத்தை இரண்டு கையாலும் கற்பூரத் தட்டை ஏந்திச் சுற்றுகிறார். தட்டை வாங்கிக்கொண்டு வலது கையில் எலுமிச்சம்பழம் கொடுக்கிறார்கள். பத்து எண்ணுவதற்குள் அந்தக் கை தானாக இறங்குகிறது. பழம் விழுகிறது. அதற்குமேல் பார்க்க முடியாமல் நிறுத்தினேன். வார்டுக்குள் இருந்த சுஜாதாவிடம் ஓடி, எடுத்த நேரத்தை அவள் போனில் பார்த்தேன். ஒன்பது ஏழு.

ஒன்பது ஏழு. நாங்கள் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டு பத்து. மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருந்தது. கடைசியா எப்ப என்று மருத்துவர் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பதில் என் தோள்பைக்குள், என் போனுக்குள், வந்து கிடந்தது. நான் மருத்துவரிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தார். "நேத்தே இது இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். சுஜாதாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளால் தாங்க முடியாது. என்னாலும் முடியவில்லை, ஆனால் ஒருத்தி போதும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை பிழைத்தார். உயிர்தான் பெரிது என்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். கால் கொஞ்சம் தேறியது, பிடித்துக்கொண்டு நடக்கிறார். மாத்திரையை இப்போது நானே வாயில் போட்டு, விழுங்கும்வரை நிற்கிறேன். நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது. பேச்சு மட்டும் வரவில்லை. வாயைத் திறப்பார், கழுத்து நரம்பு புடைக்கும், காற்று வரும். வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது, எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது. பஞ்சு வைத்த காதை அறுத்துப் போடலாம் என்று தோன்றுகிறது. வண்டியில் இட்லி சாப்பிடும் சிறுசேரிப் பிள்ளைகள் இனியனும் நிதினும் பார்க்க வந்தார்கள். அத்தை அவர்களைப் பார்த்து என்னவோ கேலி சொல்ல முயன்று, வராமல், அழுதார்.

ஊருக்கு வேறு கணக்கு. கடைசி வருடம் சாமி வந்து அவர் வாயைத் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது என்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் திருநீறு வாங்க வந்தார்கள். நான் தடுக்கவில்லை. அவர் ஏங்கிய ஒன்று கிடைத்ததாகவாவது நினைத்துக்கொண்டு இருக்கட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை சுஜாதா வந்தாள். "அம்மா, உன்ன சாமியா பாக்கறியா?" என்று போனை அத்தையின் இடது கையில் கொடுத்து வீடியோவை ஓட்டிவிட்டு, காபி போட உள்ளே போனாள். நான் அத்தையின் பின்னால் நின்றிருந்தேன். போனைப் பிடுங்கலாமா என்று யோசிப்பதற்குள், நான் இதுவரை பார்க்காத இடத்துக்கு அது வந்துவிட்டது.

நான் சாலையில் விழுந்து கிடக்கிறேன். என் தலைக்கு மேலே அத்தையின் இடது கை வாய்க்குப் போகிறது. வேலின் முனையைப் பிடித்து இழுக்கிறது. ஜெகதாம்பாள் அக்கா அந்தக் கையைப் பிடித்து இறக்குகிறார். பம்பைச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்கிறது. "எடுக்காத பூவாயி, கடைசி வருசம், இன்னும் கொஞ்ச தூரம்தான்." அந்தக் கை மறுபடியும் வாய்க்குப் போகிறது. மறுபடியும் இழுக்கிறது. இந்தத் தடவை ஜெகதாம்பாள் அக்கா அதைப் பிடித்து, பக்தியோடு, மண்டியிட்டிருந்த என் தலையில் கொண்டுவந்து வைக்கிறார். வீடியோவில் நான் கண்ணை மூடிக்கொண்டு அழுகிறேன்.

 அத்தைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அத்த, அப்பவே உனக்குத் தெரிஞ்சிதா? அது சாமி இல்லன்னு?"

அவர் போனைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையாட்டினார்.